உங்களுக்குத் தெரியுமா? மறியலில் இருப்பவரின் வாக்கு

1982இல் மரணதண்டனைக் கைதி ஒருவரை வட்டுக்கோட்டைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக நியமித்தது தமிழர் விடுதலைக் கூட்டணி. அவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குட்டிமணி. சத்தியப்பிரமாணம் செய்ய அவரைச் சிறையிலிருந்து விடவில்லை. 1983 ஜூலை 25 அன்று வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் அவர் கொல்லப்பட்டார்.

ஆனால் இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரைப்படி, அவரைப் போல மரணதண்டனை விதிக்கப்பட்டவருக்கு வாக்குப் போடும் தகுதியே இல்லை. 2 வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்காக, 6 மாதத்துக்குக் குறையாத தண்டனை பெற்று மறியலுக்குப் போனவர், வெளியே வந்த பிறகும் 7 வருடம் வாக்காளர் ஆக முடியாது. முழுப் பொதுமன்னிப்புக் கிடைத்தால் அன்றே தடை நீங்கும். தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு இந்த 7 வருடம் இன்னொரு தண்டனைதான்.

விளக்கமறியலில் இருப்பவர் குற்றவாளி அல்லர். அவருடைய வாக்கைச் சட்டம் பறிக்கவும் இல்லை. ஆனாலும் சிறைக்குள் வாக்குச்சாவடி வைக்கும் வழக்கமில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பில்லாமலே வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த எங்கள் இளைஞர்கள் எத்தனையோ தேர்தல்களை இப்படித்தான் இழந்தார்கள். இது பெரும் அநீதி. அதே விளக்கமறியலில் இருந்தபடி தேர்தலில் நிற்கத் தடையில்லை: 2020இல் அரசியல்வாதி பிள்ளையான் அப்படித்தான் மட்டக்களப்பில் வென்றார்.