தனித்திறம் தெரிந்தெடுத்தல்

கணினி விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவதா என நகைப்போர் உளர். நகைக்கட்டும். ஈண்டு யான் கருதுவது ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ என்னும் ஆட்டம். செக் நாட்டுப் பிராகா நகரின் வார்ஹார்ஸ் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்டது. களம், 1403ஆம் ஆண்டுப் பொகீமியா. கதைத்தலைவன் ஹென்றி, கொல்லன் மகன். சிகிஸ்மண்டின் படை ஸ்காலிட்ஸ் ஊரை எரித்தபோது பெற்றோரை இழந்து ஓடுகிறான். அவனுக்கு வாட்போரும் தெரியாது, எழுத்தும் தெரியாது.

அவன் திறன் இருவழியில் வளர்கிறது. வாள் வீச வீச வாட்பயிற்சி ஏறும். பேசப் பேசச் சொல்வன்மை ஏறும். இது தானே வருவது. குறிப்பிட்ட படிகளை எட்டியதும் நாமே தெரிந்தெடுக்கும் சலுகை மற்றொன்று. ‘பெர்க்’ என்பர்; தனித்திறம் என்போம். பிழை நேர்வது இதில்தான்.

சான்றாக, நகரத்தான், காட்டான் என்னும் பொருள்படும் இரண்டு உண்டு. முன்னதைக் கொண்டால் ஊருக்குள் அடிப்படை ஆற்றல்கள் ஒரு படி உயரும். வெளியே ஒரு படி தாழும். பின்னது இதற்கு நேர்மாறு. கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒன்றெனத் தோன்றும். அன்று. கள்வர் வழிமறிப்பது காட்டுப் பாதையில். உயிர் போவதும் அங்கே. ஆதலின் போரை விரும்புவோர்க்குக் காட்டானே நன்று. நாவினால் காரியம் முடிப்போர்க்கு நகரத்தான். தம் ஆட்டம் எத்தகையதென அறியுமுன் எதையும் எடாதிருத்தலும் ஆகும்; புள்ளிகள் கெட்டுப்போவதில்லை.

நிற்க. இவ்வாட்டத்தை எனக்குக் காட்டியவன் என் பழைய மாணவன். (வயது வந்தோர்க்கு உரியது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று.) வாளுக்குரிய தனித்திறங்களையே அடுக்கி வைத்திருந்தான். ஹென்றி ஏட்டைத் திறந்தால் எழுத்துகள் முறைமாறிக் கலங்கிக் கிடந்தன. உஷிட்ஸ் ஊர் எழுத்தரிடம் பயின்றால் அவை மெல்ல மெல்ல நேராகும் என்பதை அவன் அறிவான், போகவில்லை.

“சண்டைக்குப் படிப்பு எதுக்கு சார்?”

ஆட்டத்தை நினைத்தவிடத்தில் சேமித்து மேலே செல்ல ஒருவகை மது வேண்டும். அதனை வடிக்கும் முறையோ ஏட்டில் இருக்கிறது. கையிருப்பு தீர்ந்தது. காட்டில் மூவரிடம் சிக்கி மாண்டான். இரண்டு மணி நேர ஆட்டம் வீணாயிற்று. அத்தனை வாள் திறமும் உதவவில்லை.

சற்று நேரம் திரையையே பார்த்திருந்தான். பிறகு குதிரையை உஷிட்ஸ் பக்கம் திருப்பினான். முதற் பாடம் முடிந்து ஏட்டைத் திறந்தபோது, பல சொற்கள் இன்னும் இடம்மாறியே இருந்தன. ஆயினும் சிலவற்றைப் படிக்க முடிந்தது.