பிள்ளையின் கால் அளவு தெரியாத தந்தையர்

ஹோம்புஷ் புகையிரத நிலையத்தை அண்டி, அரிசி மூட்டையும் மிளகாய்த்தூளும் முருங்கைக்காயும் விற்கும் எம்மவர் கடைகள் இருப்பதை வாசகர்கள் அறிவர். சனிக்கிழமை மாலைகளில் அங்கே நிற்பவருக்கு, திருநெல்வேலிச் சந்தையின் ஒரு மூலை கடல் கடந்து வந்து குந்தியிருக்கிறதோ என்ற மயக்கம் ஏற்படும். அண்மையில் அத்தகைய கடையொன்றின் வாசலிலே, முன்பு நாம் பாரம் நிரப்பிக் கொடுத்து அறிமுகமான ஒரு குடும்பத்தலைவரைக் கண்டோம். அவர் கையிலே ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. ஊருக்குக் கப்பலில் போகும் பொதிக்குள் வைப்பதற்காக வாங்கியிருக்கிறார்.

"மாஸ்டர், பதின்மூண்டு வயசுப் பெடியனுக்கு எத்தினையாம் நம்பர் காணும்?" என்று கேட்டார்.

எமக்கும் விடை தெரியவில்லை. மனைவியிடம் கேட்டு எழுதிய அளவு பழையதாம். இதற்கு முன் இரண்டு தடவை அனுப்பிய சப்பாத்துகள், பொதி ஊர்போய்ச் சேர்வதற்குள் பிள்ளையின் காலுக்குச் சிறிதாகிவிட்டனவாம். ஆகவே இம்முறை இரண்டு அளவு கூட்டியே வாங்கியதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாம் அவ்வளவாக விரும்பவில்லை.

அவர் 2012ஆம் ஆண்டு ஐப்பசியில் படகில் வந்தவர். புறப்படும்போது மகனுக்கு நான்கு மாதம். மூத்த மகள் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அதன் பின்னர் இன்றுவரை அவர் தம் பிள்ளைகளை நேரில் கண்டது ஒரேயொரு தடவை. விசேட அனுமதி பெற்றுத் திருச்சிக்குச் சென்று மூன்று வாரம் தங்கியபோது மட்டுமே. மகன் முதல் நான்கு நாளும் தாயின் சேலைக்குப் பின்னால் நின்றானாம். ஐந்தாம் நாள் கிட்ட வந்து, "நீங்கள் போனிலை வாற அப்பாவோ?" என்று கேட்டானாம்.

நாம் ஊரிலே ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், சிறு வகுப்புகளுக்கு 'எனது தந்தை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கம் இன்னும் மாறவில்லைப் போலும். இந்தப் பையனும் எழுதியிருக்கிறான். அதன் படத்தைத் தந்தை தம் கைத்தொலைபேசியில் எமக்குக் காட்டினார். தன் தந்தை அவுஸ்திரேலியாவில் இருக்கிறார் என்றும், அவர் ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு வருவார் என்றும் எழுதியிருந்தான். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு கடந்திருக்கும். துப்புரவு வேலை முடித்து, கடைசிப் புகையிரதத்தில் வந்து, குளிருக்குள் நின்று தகப்பன் எடுக்கும் அழைப்பைத்தான் பிள்ளை அவ்வாறு எழுதியிருக்கிறான். ஆசிரியை சிவப்பு மையால் சரி போட்டிருந்தார்.

இவர் ஒருவரின் கதையை எழுதுவது எமது நோக்கமன்று. இவ்வூரிலும் வென்ற்வேர்த்வில், பென்டில்ஹில் பகுதிகளிலும், மெல்பேணிலும் இவரைப் போன்றோர் பலர் வாழ்கின்றனர். நான்கைந்து பேர் ஓர் அறைவீட்டைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் சமைக்க ஒருவர் பாத்திரம் கழுவ, பிரமச்சாரிகளைப் போல வாழும் குடும்பத்தலைவர்கள் இவர்கள். இவர்களைப் பிரித்துவைத்தது யுத்தம் மட்டுமன்று. பிரிவை நீடித்தது சட்டம்.

ஹோம்புஷில் நெடுங்காலம் வாழ்வோருக்கு இது சற்று விளங்காமலிருக்கும். 1983 ஆடிக் கலவரத்தின் பின் வந்தவர்கள் பெரும்பாலும் விமானத்தில் வந்தவர்கள். நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள். பின்னர் மனைவி மக்களையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டவர்கள். 1990களில் இலங்கையருக்கென்றே 'விசேட உதவி' என்ற பெயரில் ஒரு விசா வகுப்பும் இருந்தது. இங்குள்ள உறவினரின் ஆதரவோடு யுத்தத்தால் இடம்பெயர்ந்தோர் வரக்கூடியதாயிருந்தது. அன்றைய கதவையே மனத்தில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு வருசமாகியும் ஏன் பெண்சாதியைக் கூப்பிடவில்லை?" என்று கோயில் மண்டபத்தில் கேட்போர் இன்றும் உளர். கேட்கப்படுபவருக்கு அது எத்துணை வலி என்பதை அவர்கள் அறிந்து கேட்பதில்லை.

1999 ஒக்ரோபரில் ஹவார்ட் அரசாங்கம் தற்காலிகப் பாதுகாப்பு விசாவை அறிமுகப்படுத்தியது. முறையான விசாவின்றி வந்து, அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கும் மூன்றாண்டு அனுமதியே வழங்கப்பட்டது. குடும்பத்தை அழைக்க முடியாது. நாட்டை விட்டு வெளியேறினால் மீள நுழையவும் முடியாது. இதன் விளைவு என்னவென்பதை 2001 ஒக்ரோபர் 19ஆந் திகதி உலகம் கண்டது. இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட, பின்னர் சீவ் எக்ஸ் என்று பெயரிடப்பட்ட படகு மூழ்கி 353 பேர் மாண்டனர். அவர்களுள் 146 பேர் சிறுவர், 142 பேர் பெண்கள். ஈராக்கியரும் ஆப்கானியருமே பெரும்பாலானோர். அப்பெண்களிற் பலர், அவுஸ்திரேலியாவிலே தற்காலிக விசாவில் இருந்த கணவன்மாரிடம் போய்ச் சேர வேறு வழியின்றிப் படகேறியவர்கள். மூன்று பெண் குழந்தைகளையும் கடலில் பறிகொடுத்துத் தப்பிய ஒரு தாயின் கணவர் அப்போது சிட்னியில் இருந்தார். துயருற்ற மனைவியைப் பார்க்க இந்தோனேசியாவுக்குப் போனால் திரும்பி வர முடியாதென்பதால் அவர் போகவில்லை.

2008இல் றட் அரசாங்கம் இவ்விசாவை ஒழித்தது. எம்மவர் பலர் முள்ளிவாய்க்காலுக்குப் பின் படகேறிய காலம் அதற்கடுத்து வந்தது. பின்னர் 2012 ஓகஸ்ட் 13. இத்திகதியை எமது சமூகத்தில் மனப்பாடமாகச் சொல்லாத அகதி இல்லை. அன்றோ அதன் பின்னரோ படகில் வந்தவர்கள் மனிதாபிமானத் திட்டத்தின் கீழ்த் தம் குடும்பத்தை அழைக்க முடியாதென்று தீர்மானிக்கப்பட்டது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் வேலை செய்யவும் அனுமதியில்லை. 2014 டிசெம்பரில் இயற்றப்பட்ட சட்டம் மூன்றாண்டுத் தற்காலிக விசாவை மீளக் கொண்டுவந்ததுடன், ஐந்தாண்டுக்கான 'ஷெவ்' விசாவையும் உருவாக்கியது. இரண்டிலும் குடும்ப இணைவுக்கு இடமில்லை. பிறந்த நாட்டுக்குப் போகவும் தடை. மூன்றாவது நாடொன்றுக்குத் தகுந்த காரணம் காட்டி எழுத்துமூல அனுமதி பெற்றுச் செல்லலாம். அந்த வழியில்தான் எமது நண்பர் திருச்சியில் மூன்று வாரம் தந்தையாக இருந்தார்.

முன்னரே வந்து நிரந்தர விசா பெற்றிருந்தோரும் தப்பவில்லை. 2013இன் இறுதியில் அமைச்சர் பிறப்பித்த பணிப்புரையொன்று, படகில் வந்த நிரந்தர வதிவாளர் அனுசரணை வழங்கும் குடும்ப விண்ணப்பங்களை வரிசையின் கடைசியில் வைத்தது. ஒவ்வோராண்டும் புதியவர்கள் முன்னால் வந்து சேரும் வரிசையிலே கடைசியில் நிற்பவரின் முறை எப்போது வரும்? பிரஜாவுரிமை பெற்றால் இக்கட்டுப்பாடு நீங்கும் என்றார்கள். ஆனால் பிரஜாவுரிமை விண்ணப்பங்களும் அசையவில்லை. 2016 டிசெம்பரில் இரு அகதிகள் தொடுத்த வழக்கில், அத்தாமதம் நியாயமற்றது என்று சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிப்புரையோ வேறு வேறு இலக்கங்களில் 2023 மாசி வரை நீடித்தது.

ஒரே வீட்டிலிருந்த குடும்பத்தையும் இவ்விதிகள் பிரித்ததுண்டு. 2018 ஆடி மாதம், சிட்னியிலிருந்து தமிழ்த் தந்தை ஒருவர் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவருடைய மனைவிக்கும் 11 மாதப் பெண் குழந்தைக்கும் பாதுகாப்பு விசா வழங்கப்பட்டிருந்தது. மனைவி அகதி, ஆகவே ஊர் திரும்ப முடியாது. கணவர் நாடு கடத்தப்பட்டவர். ஆகவே இங்கு வர முடியாது. மனைவியின் விசாவோ குடும்பத்தை அழைக்க உரிமையற்றது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் பகிரங்கமாகவே கண்டித்தது. விமானம் போய்விட்டது.

அதே ஆண்டு பங்குனியில் பிலோயெலா என்ற சிறு நகரிலிருந்து விடியற்புறம் கொண்டு செல்லப்பட்ட தமிழ்க் குடும்பத்தை, அந்நகரத்து மக்களே நான்கு ஆண்டுகள் போராடி 2022 ஆனியில் மீட்டெடுத்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஊர் மக்கள் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. ஆயினும் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பிலோயெலா வாய்ப்பதில்லை.

2023 மாசி 13ஆந் திகதி அறிவிப்பு வந்தபோது ஹோம்புஷ் கடைத்தெருவில் இனிப்புப் பகிரப்பட்டது. தற்காலிக விசாக்களில் இருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், குடும்பத்தை அழைக்கலாம் என்றும் அரசாங்கம் கூறியது. மகிழத்தக்க செய்திதான், நாமும் ஒரு லட்டு உண்டோம். முன்னைய துரித நடைமுறையில் நிராகரிக்கப்பட்டு, இணைப்பு விசாவில் தொங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் அன்றைக்கும் வெளியே நின்றார்கள் என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறோம். அவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

கதவு திறந்த பின்பும் படியேறுவது எளிதாயில்லை. குடும்பத்தை அழைப்பதற்கு இப்போது அவர்களுக்குள்ள வழி, ஏனைய எல்லோருக்கும் உரிய வாழ்க்கைத்துணை விசாவே. அதன் விண்ணப்பக் கட்டணம் 9,000 டொலருக்கு மேல். பிள்ளைகளுக்குத் தனிக்கட்டணம். மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு ஆகியவை வேறு. துப்புரவு வேலை செய்து, மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பி, படகுக்கு வாங்கிய கடனையும் இறுத்தவருக்கு இது சிறு தொகையன்று.

பணத்தைக் காட்டிலும் கடினமானது சான்று. கணவனும் மனைவியும் உண்மையான, தொடர்ந்து நிலவும் உறவில் இருப்பதை நிரூபிக்கவேண்டும். சேர்ந்து எடுத்த புகைப்படங்கள், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் என்று கேட்கப்படுகிறது. பதின்மூன்று ஆண்டு சேர்ந்து வாழத் தடுக்கப்பட்டவரிடம், சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்பதன் முரணை எந்த அலுவலரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எமது நண்பரின் திருமணம் சமாதான காலத்தில், 2003இல், வன்னியில் ஒரு பிள்ளையார் கோயிலில் நடந்தது. தாலி கட்டினார்; பதிவு எழுதவில்லை. இருந்த ஒரேயொரு திருமணப் படம் 2009 மாசியில் பதுங்குகுழியொன்றில் விடப்பட்டது. அனுப்பிய பணத்துக்காவது பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்டோம். "எல்லாம் உண்டியல்தானே மாஸ்டர்" என்றார். உண்டியற்காரர் சீட்டுக் கொடுப்பதில்லை. தொலைபேசி அட்டைகளையோ பேசி முடித்ததும் எறிந்துவிட்டார்.

ஆகவே இன்னும் விண்ணப்பியாதோர்க்கு ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள்; சீட்டை வைத்திருங்கள். கைத்தொலைபேசியை மாற்றும்போது பழைய உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். தடுப்புமுகாமில் முதல் நாள் கொடுத்த வாக்குமூலத்தில் மனைவி மக்களின் பெயர்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதைத் தகவலறியும் சட்டத்தின் கீழ்ப் பெற்றுப் பாருங்கள்; அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இங்கே விளக்கம் கேட்பார்கள். பயத்தினால் பிள்ளையொன்றின் பெயரைச் சொல்லாது விட்டிருந்தால், அதை மறைக்காமல் பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ சட்டத்தரணியிடமோ உள்ளபடி சொல்லுங்கள். இலவச சட்ட உதவி நிலையங்கள் உள்ளன. கடைவாசல் ஆலோசனைகளை நம்பவேண்டாம். எமது ஆலோசனையையும் சேர்த்தே சொல்கிறோம்.

எல்லாவற்றிலும் அவசரமானது வயது. 2016 நவம்பர் முதல், குடும்ப அங்கத்தவர் என்ற வரைவிலக்கணத்துக்குள் வரும் பிள்ளை பொதுவாக 23 வயதை அடையாதவராகவும், பெற்றோரில் தங்கியிருப்பவராகவும் இருத்தல்வேண்டும். தனியான பிள்ளை விசாவிலோ, 18 வயது கடந்தவர் 25 வயதுக்குட்பட்ட முழுநேர மாணவராயிருக்கவேண்டும். 2012இல் எட்டு வயதாயிருந்த பிள்ளைகளைச் சட்டமே காத்திருக்கவைத்தது. காத்திருந்து வளர்ந்ததும், நீ பிள்ளையல்ல என்கிறது.

பெற்றோரின் நிலை இன்னும் விசித்திரமானது. தாயையோ தந்தையையோ நிரந்தரமாக அழைப்பதற்குக் 'குடும்பச் சமநிலைச் சோதனை' என்றொரு கணக்கு உண்டு. பிள்ளைகளிற் குறைந்தது அரைவாசிப்பேர் அவுஸ்திரேலியாவில் வதியவேண்டும். அல்லது வேறெந்தத் தனி நாட்டையும்விட இங்கே கூடுதலான பிள்ளைகள் இருக்கவேண்டும். எமது குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து பிள்ளைகளில் இருவர் கனடா, ஒருவர் ஜேர்மனி, ஒருவர் லண்டன், ஒருவர் சிட்னி. அந்தத் தாய் கணக்கிலே சித்தியடையமாட்டாள். பிள்ளைகளை நான்கு திசைக்கும் எறிந்தது யுத்தம். சோதனையில் தேர்ந்தாலும், சாதாரணப் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு முப்பது ஆண்டளவு என்று திணைக்களமே கூறுகிறது. ஆளொருவருக்கு ஏறத்தாழ 48,000 டொலர் கட்டும் விசாவுக்கும் பத்தாண்டுகளுக்கு மேல். எழுபது வயதுத் தாய்க்கு இது வரிசையா, வஞ்சனையா?

உலகம் முழுவதும் இவ்வாறில்லை. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டவர் தமது நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலேயே வெளிநாட்டிலுள்ள மனைவி மக்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்காபரோவுக்கும் ஹோம்புஷுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பனி மட்டுமன்று. ஆயினும் காற்று எத்திசையில் வீசுகிறதென்பது கவலை தருகிறது: 2025 ஆடியில் ஜேர்மனி துணைப் பாதுகாப்புப் பெற்றோரின் குடும்ப இணைவை இரண்டாண்டுக்கு நிறுத்தியது, அதே ஆண்டு புரட்டாதியில் பிரித்தானியா அகதிகளின் புதிய குடும்ப விண்ணப்பங்களை இடைநிறுத்தியது. 1954 தை மாதம் அவுஸ்திரேலியா ஆறாவது நாடாக இணைந்ததனாலேயே அகதிகள் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அச்சாசனத்தை வரைந்த மாநாட்டின் இறுதி ஆவணம், அகதியின் குடும்ப ஒற்றுமையைப் பேணுமாறு அரசுகளிடம் கேட்டிருந்தது.

எமது நண்பரின் விண்ணப்பத்துக்கு வருவோம். பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகள் கச்சேரி மூலம் கிடைத்துவிட்டன. திருமணத்தைப் பார்த்த இருவர், ஒருவர் கிளிநொச்சியிலும் ஒருவர் பாரிஸிலும், சத்தியக்கடதாசி தந்திருக்கிறார்கள். திருச்சியில் எடுத்த படங்கள் நாற்பது உண்டு. ஒன்றில் மட்டும் மகன் தகப்பனின் கையைப் பிடித்திருக்கிறான். கட்டணத்துக்கு ஒரு சீட்டுப் பிடித்தார். குறைந்ததை அறைத்தோழர்கள் மூவர் போட்டார்கள். மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. முகவர் கேட்ட கடைசிப் பத்திரம், மகள் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான கடிதம், தபாலில் வந்துகொண்டிருக்கிறது.

மகளுக்கு அடுத்த வருடம் மாசியில் 23 வயது ஆகிறது.