ஆழம் ஆற்றின் வேலை, அகலம் மழையின் வேலை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 29 கிலோமீட்டர் அகலமும், ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் ஆழமும் கொண்டது. அதன் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றின் அகலமோ சராசரியாக நூறு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆறு பாறையை அரித்து இப்பள்ளத்தாக்கை உண்டாக்கியது என்று பள்ளிப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மைதான். ஆறு மட்டுமே வேலை செய்திருந்தால், அதன் அகலத்துக்கு மேல் அதிகம் விரியாத, செங்குத்துச் சுவர்கள் கொண்ட ஒடுக்கமான பிளவு ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

முதலில் ஆற்றின் பங்கைப் பார்க்கலாம். தெளிந்த நீருக்குக் கெட்டிப் பாறையைத் தேய்க்கும் வலிமை மிகக் குறைவு; அந்நீர் சுமந்துவரும் மணலும் கூழாங்கல்லும்தான் பாறையைத் தேய்க்கின்றன என்பதால், உப்புத்தாளில் காகிதத்துக்கு உள்ள இடமே இங்கு நீருக்கு உள்ளது. வெள்ளக் காலத்தில் படுகையோடு உருண்டுவரும் கற்கள் பாறையில் மோதித் துகள்களைப் பெயர்க்கின்றன; சுழல்களில் சிக்கிய கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றிக் குடைந்து, குடக்குழிகள் எனப்படும் வட்டக் குழிகளை உண்டாக்குகின்றன; ஏற்கெனவே வெடிப்பு விழுந்த பாறைகளை வெள்ளத்தின் விசை பாளம் பாளமாகவே பெயர்த்துவிடுகிறது. பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இருப்பது சுமார் 170 கோடி ஆண்டுப் பழமையுள்ள, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய கரும்பாறை. அதன் மேற்பரப்பு ஆற்றோரத்தில் மெருகேறிப் பளபளப்பதையும், நீரோட்டத் திசையில் வரிவரியாகக் குடையப்பட்டிருப்பதையும் இன்றும் காணலாம்.

ஆறு கீழ்நோக்கி அறுக்க வேண்டுமானால் அதற்குச் சரிவு வேண்டும். ஓர் ஆறு எந்த மட்டத்துக்குக் கீழே நிலத்தை அரிக்க இயலாதோ அம்மட்டம் அடிமட்டம் எனப்படும். பெரும்பாலான ஆறுகளுக்குக் கடல்மட்டமே இறுதி அடிமட்டம். இக்கருத்தை வகுத்துரைத்தவர் ஜான் வெஸ்லி பவல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த அவர், 1869இல் சில தோழர்களுடன் படகில் இப்பள்ளத்தாக்கைக் கடந்தார். இப்பள்ளத்தாக்கு அமைந்துள்ள கொலராடோ பீடபூமி பல கோடி ஆண்டுகளில் உயர்ந்து நின்றது. பின்னர் ஆறு கலிஃபோர்னியா வளைகுடாவைச் சென்றடைந்தபோது, உயர்ந்த நிலத்துக்கும் தாழ்ந்த கடலுக்கும் இடைப்பட்ட சரிவு முழுவதும் அதற்குக் கிடைத்தது. பள்ளத்தாக்கின் சில பகுதிகள் இன்னும் பழையவை என்ற வாதம் ஓயவில்லை எனினும், இன்றைய வடிவம் கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில் உருவானதென்பதே பெரும்பாலான புவியியலாளர்களின் முடிவு. சராசரி பார்த்தால், ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம்.

இனி அகலம். பள்ளத்தாக்கின் விளிம்பு கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் அங்கே பனி பெய்கிறது. வெடிப்புகளுக்குள் புகுந்த நீர் இரவில் உறைந்து, பருமனில் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து, பாறையை ஆப்பு வைத்ததுபோல் நெம்புகிறது. கோடை இடிமழையோ சில மணி நேரத்தில் வறண்ட ஓடைகளைச் சேற்று வெள்ளமாக்கிவிடுகிறது. மெல்லிய களிப்பாறை அடுக்குகள் எளிதில் கரைந்து பின்வாங்கும்போது, அவற்றின்மீது நிற்கும் கெட்டி மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் தாங்குதளம் இழந்து சரிகின்றன. கெட்டி அடுக்கு செங்குத்துச் சுவராகவும், மெல்லடுக்கு சாய்ந்த சரிவாகவும் மாறிமாறி வரும் அந்தப் படிக்கட்டு வடிவத்துக்குக் காரணம் இதுவே.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று, சுண்ணாம்புக்கல்லின் நடத்தை. மழை மிகுந்த நாடுகளில் அமிலத்தன்மை சிறிதளவே கொண்ட மழைநீரில் கரைந்து குகைகளாகவும் பள்ளங்களாகவும் ஆகிவிடும் அதே கல், வறண்ட அரிசோனாவில் 150 மீட்டருக்கும் மேல் உயர்ந்த செங்குத்துச் சுவராக நிமிர்ந்து நிற்கிறது. ‘ரெட்வால்’ எனப்படும் அச்சுவரின் சிவப்பும் அதற்குச் சொந்தமானதன்று. சாம்பல் நிறக் கல்லின்மீது, மேலடுக்குகளிலிருந்து மழைநீரோடு வழிந்த இரும்புத் துரு படிந்து ஏறிய பூச்சு அது.

மழையின் பங்குக்கு மிகத் தெளிவான சான்று பள்ளத்தாக்கின் கோணல் வடிவமே. வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயரமானது. நிலம் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், வடபுறத்தில் விழும் மழையும் பனியும் பள்ளத்தாக்குக்குள் வந்து பாய, தென்புறத்தில் விழுவதோ விளிம்பை விட்டு விலகி ஓடிவிடுகிறது. ஆகவே வடபுறக் கிளைப் பள்ளத்தாக்குகள் நீண்டு ஆழ்ந்தும், தென்புறத்தவை குட்டையாகவும் உள்ளன. ஆறும் நடுவில் ஓடாமல் தெற்கு விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. இரு கிளைப் பள்ளத்தாக்குகளுக்கிடையே அரிபடாமல் மிஞ்சிய தனிக் குன்றுகளுள் சிலவற்றுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டன் பெயரிட்டார். அடித்தளக் கரும்பாறையும் விஷ்ணுவின் பெயரையே தாங்கியிருக்கிறது.

கிளை ஓடைகள் அகலப்படுத்துவதோடு நில்லாமல் ஆற்றையே மறிக்கவும் செய்கின்றன. 1966 டிசம்பரில் பெய்த பெருமழையில், சேறும் பெரும்பாறைகளும் கலந்த குழம்பு வெள்ளமொன்று கிரிஸ்டல் ஓடை வழியே இறங்கி ஆற்றை நெருக்கியதால், அதுவரை எளிதில் கடக்கப்பட்ட இடம் படகோட்டிகள் அஞ்சும் கடும் பாய்வாக மாறியது. பள்ளத்தாக்கின் பெரும்பாலான விரைபாய்வுகள் இவ்வாறு கிளை ஓடைகளின் வாயிலேயே அமைந்துள்ளன. முன்பு ஆண்டுதோறும் வந்த பனியுருகு வெள்ளம் இத்தகைய பாறைகளைச் சிறிது சிறிதாக அப்புறப்படுத்தி வந்தது.

அந்த வெள்ளம் 1963இல் நின்றது. பள்ளத்தாக்குக்கு மேலே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கியதோடு, ஆற்றின் மணலையும் வண்டலையும் நீர்த்தேக்கத்தின் அடியிலேயே நிறுத்திவிட்டது. செந்நிறமாக ஓடிய ஆறு அணைக்குக் கீழே குளிர்ந்து, தெளிந்து, பச்சை நிறமாக வருகிறது. மணல் வரத்து இல்லாமல் கரையோர மணல்திட்டுகள் கரைந்தன. அவற்றை மீட்க 1996 வசந்தத்தில் அணையிலிருந்து ஏழு நாட்கள் செயற்கை வெள்ளம் விடப்பட்டது. அதில் தேறிய பாடத்தின்படி, இப்போது கிளையாறுகள் போதிய மணலைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றனவா என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகே அடுத்த வெள்ளத்தைத் திறந்துவிடுவது பற்றி முடிவு செய்கிறார்கள்.