பழைமையுறும் ஆவணங்கள்: மென்பொருளாக்கக் கருவிகளும் மலையகச் சுற்றறிக்கைகளும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை ஓர் ஒழுங்கில் நிகழ்கின்றது. கொழுந்து வாடிய பின்னரே உருட்டப்படும். உருட்டிய இலை நிறமேறிய பின்னரே உலர்த்தப்படும். உலர்ந்த பின்னரே தரம் பிரிக்கப்படும். கணினி மென்பொருளும் இவ்வாறே படிப்படியாக ஆக்கப்படுகின்றது. மூலக் கோப்புகளை எந்த ஒழுங்கில் இணைத்து இயங்கத்தக்க வடிவுக்குக் கொணர்வது என்பதைக் கவனிப்பவையே மென்பொருளாக்கக் கருவிகள்.

இவற்றுள் முன்னோடியான 'மேக்', 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் என்பவரால் ஆக்கப்பட்டது. விளைபொருள் எவ்வெவற்றைச் சார்ந்துள்ளது என்பது அதில் ஒரு பட்டியலாக எழுதப்படும். சார்ந்த மூலங்களுள் ஒன்றேனும் விளைபொருளுக்குப் பின்னர் திருத்தப்பட்டிருப்பின், கருவி அவ்விளைபொருளை மீண்டும் ஆக்கும், மாறாதவற்றைத் தொடாது.

இங்குதான் முரண்பாடு எழுகின்றது. பழையது எது எனக் கண்டறியும் கருவியின் கைந்நூலே பழையதாகிவிடுகின்றது. கைந்நூல் பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பதே காரணம். கட்டளையொன்று மாறினால் நிரல் பிழை காட்டும். கைந்நூல் மௌனமாக இருக்கும். அனுபவசாலி அதனைப் புரட்டுவதில்லை. நம்பிப் படிக்கும் புதியவரே இடறுகின்றார்.

காகித ஆவணங்களுக்கும் இவ்விதி பொருந்தும். 1925இல் நிறுவப்பட்டு, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், உரம், களைகொல்லி, கவ்வாத்து முதலியன பற்றி ஆலோசனைச் சுற்றறிக்கைகளை வெளியிடுகின்றது. இவை மலையின் நிலையையும் நாட்டின் சட்டத்தையும் மூலங்களாகக் கொண்டவை. இரண்டும் மாறுவன. விதைத் தேயிலைக்கு ஏற்ற உர அளவு, கூடுதல் விளைச்சல் தரும் வீ.பி. தேயிலைக்குப் போதாது. களைகொல்லியான கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டது; 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இரசாயன உர இறக்குமதி 2021 மே மாதத்தில் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆக, 2014இல் அச்சிட்ட ஒரு களைகொல்லி அறிவுறுத்தல், ஓரெழுத்தும் மாறாமலே, மறு ஆண்டில் சட்டத்துக்கு முரணானதாகியிருக்கும்.

ஆவணத்தைத் திருத்துதல் அலுவலகக் கோப்பைத் திருத்துவதுடன் முடிவதன்று. மருந்து தெளிக்கும் தொழிலாளியை எட்டுவது களஞ்சியச் சுவரில் ஒட்டிய தாளோ, கங்காணியின் வாய்ச்சொல்லோ ஆகும். ஆங்கில மூலம் திருத்தப்பட்டும் தமிழ்ப் பிரதி பின்தங்குமாயின், ஆவணம் திருத்தப்படவில்லை என்றே கொள்ளல் வேண்டும். பிழையின் கேடு எழுதியவரைச் சாராது. மருந்தைக் கையாள்பவரின் உடலையே சாரும்.

எனவே மூன்று நடைமுறைகள் இன்றியமையாதவை. முதலாவது, ஆவணத்தையும் சார்புப் பட்டியலிற் சேர்த்தல்: மென்பொருளின் ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் கைந்நூலின் எடுத்துக்காட்டுகளை உண்மையாகவே இயக்கிப் பார்க்கவேண்டும். இரண்டாவது, எத்திகதிக்கு உரியது, எதனை நீக்கி வந்தது என்பதை முகப்பிலேயே பொறித்தல். மொழிபெயர்ப்பு எந்த மூலப் பதிப்பைத் தழுவியது என்பதும் அங்கு இருத்தல் வேண்டும். மூன்றாவது, செல்லாத பிரதியைச் சுவரிலிருந்து அகற்றல்.

இவை ஆர்வலரின் ஓய்வுநேரத்துக்கு விடத்தக்கன அல்ல. ஆக்கும் வேலைக்கு ஆளும் கூலியும் ஒதுக்கும் நிறுவனம், விளக்கும் வேலைக்கும் அவற்றை ஒதுக்கும்போதே அறிவு எல்லோர்க்கும் பொதுவாகும்.