ராயபுரம் ஸ்டேஷன்: முதல் ரயில் கிளம்பிய இடம் ஏன் முனையமாக நிலைக்கவில்லை?

சென்னை ரயில் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர், "தென்னிந்தியாவோட முதல் ரயில் ராயபுரத்துலேர்ந்துதான் கிளம்புச்சு, தெரியுமா?" என்பார். தெரியும். ஆனால் அதற்கு அடுத்து வரவேண்டிய கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அப்புறம் ஏன் ராயபுரத்துக்காரர் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போகணும்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் ஆட்டோ பிடிக்கிறார்? இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கானது.

முதலில் தேதிகள். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியது. அடுத்த வருஷம், 1854-இல், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு. மூன்றாவதாக மெட்ராஸ். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான வண்டி ஓட ஆரம்பித்தது. நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி.

அந்த முதல் வண்டி "ஆற்காடு வரை" போனதாகப் பல இடங்களில் படிக்கலாம். இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஆற்காடு ஊர் பாலாற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது. தண்டவாளமோ ஆற்றுக்கு வடக்கே. அன்று ஆற்காடு ஸ்டேஷன் என்று சொல்லப்பட்டது இன்றைய வாலாஜா ரோடு ஸ்டேஷன்தான். ராயபுரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்.

சரி, ஏன் ராயபுரம்? அன்றைய மெட்ராஸ் என்றால் கோட்டையும், அதை ஒட்டி வியாபாரிகள் வாழ்ந்த கறுப்பர் நகரமும்தான். இன்றைய ஜார்ஜ் டவுன். அந்த நகரத்தைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. வடக்கு மதிலின் ஒரு துண்டு இன்றைக்கும் மாடிப்பூங்காவாக மிச்சம் இருக்கிறது. மதிலுக்குள்ளே ரயிலைக் கொண்டுபோக இடமில்லை. வடக்கு மதிலைத் தாண்டினால் ராயபுரம்: திறந்த வெளி, பக்கத்திலேயே கடல், நடக்கும் தூரத்தில் வியாபாரிகளின் கிடங்குகள்.

கடல் பக்கத்தில் என்பது சும்மா சொல்வது இல்லை. 1856-இல் மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் மசூலா படகுகள்தான் கரை சேர்க்கும். இரும்பில் முதல் கடற்பாலமே 1861-இல்தான் வந்தது. அந்தப் படகுகளை ஓட்டிய மக்களின் பேட்டைகளில் ஒன்று ராயபுரம். அவர்கள் எழுப்பிய புனித ராயப்பர் கோயிலிலிருந்துதான் (ராயப்பர் என்றால் பீட்டர்) ஊருக்கே பெயர் வந்தது என்பார்கள். ஆக, படகு கொண்டுவருவதை ரயில் உள்நாட்டுக்கு எடுத்துப்போகும், உள்நாட்டுச் சரக்கை ரயில் படகுக்குக் கொடுக்கும். இரண்டும் கைகோக்கும் இடமாகத்தான் ராயபுரம் பிறந்தது.

அந்த நல்ல இடமே பிறகு அதற்கு வினையானது. பாதை வேகமாக நீண்டது. 1862-க்குள் மேற்குக் கரையில் பேப்பூர் வரை. 1864-இல் பெங்களூர் கண்டோன்மென்ட். 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைப்பு. அத்தனை வண்டிகளும் ஒரே வாய் வழியாக ராயபுரத்துக்குள் வரவேண்டும். அங்கேயோ சரக்கு குவிகிறது. இந்த நெரிசலைக் குறைக்க 1873-இல் பார்க் டவுனில் இரண்டாவது முனையம் கட்டினார்கள். அதுதான் சென்ட்ரல்.

இங்கே வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். சென்ட்ரலை ஒட்டிப் போகும் வால்டாக்ஸ் சாலையின் பெயரே அந்தப் பழைய மதிலின் வரியை நினைவுபடுத்துவது. அதே மதிலுக்கு மேற்கு வாசலில் சென்ட்ரல், வடக்கு வாசலில் ராயபுரம். இரண்டுமே ஒரே ஊரின் வெளித் திண்ணைகள். வித்தியாசம் என்னன்னா, 1870-களுக்குப் பிறகு நகரம் மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்தது. வடக்கே துறைமுகம் வளர்ந்தது. 1870-களில் தொடங்கிய துறைமுக வேலை 1881 புயலில் நாசமாகி, திரும்பக் கட்டப்பட்டது. துறைமுகம் பெரிதாகப் பெரிதாக, ராயபுரத்தைச் சுற்றி சரக்குத் தண்டவாளங்கள் அடர்ந்தன. 1907-இல் கடற்கரைப் பாதை ராயபுரத்தைத் தாண்டித் தெற்கே நீட்டப்பட்டதும், அது கடைசி ஸ்டேஷன் என்ற இடத்தையும் இழந்தது. பயணிகள் சென்ட்ரலுக்கு, சரக்கு ராயபுரத்துக்கு என்று ஆகிப்போனது. 1908-இல் உருவான மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் கொஞ்ச காலம் ராயபுரத்தில் இருந்தது. 1922-இல் அதுவும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கட்டிய கருங்கல் கட்டடத்துக்குக் குடிபோனது. இன்றைய தெற்கு ரயில்வே தலைமையகம் அதுதான்.

ஒரு வேடிக்கை பாருங்க. போரிபந்தர் வெற்றி பெற்றது. அதனாலேயே அதன் பழைய ஸ்டேஷன் போய், 1888-இல் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹவுராவும் வளர்ந்தது, இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1905-ஐச் சேர்ந்தது. ராயபுரத்தைப் பெரிதாக்கும் தேவை யாருக்கும் வரவில்லை. அதனால் அந்தத் தூண்வரிசை இடிபடாமல் தப்பியது. இந்தியாவில் இன்னும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது என்ற பெருமை ராயபுரத்துக்குப் புறக்கணிப்பு கொடுத்த பரிசு. 2005-இல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள்.

வடசென்னைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முதல் தண்டவாளம் ராயபுரத்தில் கிளம்பி உடனே மேற்கே பெரம்பூர் பக்கம் திரும்பிவிட்டது. திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வடக்கே பெஜவாடா நோக்கிப் போகும் பாதை 1899-இல்தான் முழுமை பெற்றது. கூப்பிடு தூரத்தில் தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷனை வைத்துக்கொண்டு திருவொற்றியூர் நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. இந்தக் காத்திருப்பு இந்தப் பகுதிக்குப் பழகிப்போன ஒன்று. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது 2021 பிப்ரவரி 14-இல். சின்னமலை, ஆலந்தூர் பக்கமெல்லாம் ஓட ஆரம்பித்துப் பல வருஷம் கழித்து.

அதனால்தான் "மூன்றாவது முனையத்தை ராயபுரத்தில் கட்டுங்க" என்ற கோரிக்கை வெறும் பழம்பெருமைப் பேச்சு இல்லை. பல வருஷம் பேசப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை போன விஷயம் அது. ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது: ரயில்வேக்குச் சொந்தமான நிலம், வடக்கேயும் மேற்கேயும் போகத் தயாராக இருக்கும் பாதைகள், மின்ரயில் இணைப்பு. எதிராகவும் உண்டு. ஒரு பெட்டி ஏறக்குறைய 23 மீட்டர். 24 பெட்டி வண்டி நிற்க அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான பிளாட்பாரங்கள் வேண்டும், கழுவிப் பராமரிக்கத் தனித் தடங்கள் வேண்டும். ஸ்டேஷனைச் சுற்றி இன்று மின்சார இன்ஜின் பணிமனையும் சரக்குத் தடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில், தொடக்கூடாத ஒரு பழைய கட்டடம். கடைசியில் மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போனது.

என் கருத்து இது: கட்டடத்தைக் காப்பதும் ஊருக்கு வண்டி கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. பழைய கட்டடத்தில் கை வைக்காமல் பக்கத்து நிலத்தில் பிளாட்பாரம் போடலாம். முனையம் முடியாதென்றால் வடக்கே போகிற சில வண்டிகளையாவது இங்கிருந்து விடலாமா என்று பார்க்கலாம். ராயபுரம் கட்டப்பட்டது ஆட்கள் வண்டி ஏற. போட்டோ எடுக்க மட்டும் இல்லை.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியோ, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகும் வண்டியோ ஏறுங்கள். முதல் நிறுத்தம் ராயபுரம். இறங்கியதும் வெளியே வந்து கட்டடத்தின் முன்பக்கம் போய் நின்று பாருங்கள். பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் அதன் உயரம் புரியாது. நேரம் இருந்தால் அப்படியே மாடிப்பூங்கா வரை நடந்துவிட்டு வாருங்கள். மதிலையும் ஸ்டேஷனையும் ஒரே நாளில் பார்த்தால், இந்த ஸ்டேஷன் ஏன் இங்கே வந்தது என்பது தானாகவே விளங்கும்.