இடம் மாறிப் பிறந்த இரண்டு தமனிகள்

மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிய இதயத்தோடு பிறக்கும் குழந்தை, பிறந்தவுடன் பார்வைக்குப் பெரும்பாலும் நன்றாகவே தெரியும். மூன்று கிலோ எடை இருக்கும்; வீறிட்டு அழும். உள்ளேதான் சிக்கல். கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றி வரும்; ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் திரும்பத் திரும்ப நுரையீரலுக்கே போகும். கருவில் இருந்தபோது திறந்திருந்த ஒரு சிறு நாளமும் இதயச் சுவரின் துளையும் இரண்டையும் கொஞ்சம் கலக்கவிடுவதால்தான் உயிர் நிற்கிறது. பிறந்த சில மணி நேரத்திலிருந்தே நாளம் மூடத் தொடங்கும். குழந்தை நீலம் பாரிக்கும். சுமார் 3,000 முதல் 5,000 பிறப்புகளில் ஒன்று இப்படி.

1975-இல் பிரேசிலின் சாவோ பாலோவில் இதய அறுவை மருத்துவர் அடிப் ஜட்டேன் இதற்கு நேரடித் தீர்வு கண்டார். அதற்கு முன்பு, 1963-இல் டொராண்டோவில் மஸ்டர்டு என்ற மருத்துவர் செய்ததுபோல, மேலறைகளுக்குள் ரத்தத்தைத் திசைதிருப்பினார்கள். அதில் உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளும் சுமை வலது கீழறை மேலேயே கிடந்தது. வருடங்கள் போகப்போக அது தளர்ந்தது. ஜட்டேன் தமனிகளையே வெட்டி மாற்றினார். இதய-நுரையீரல் இயந்திரத்தில் குழந்தையை இணைத்து, இதயத்தை நிறுத்தி, இரண்டு தமனிகளையும் வால்வுக்குச் சற்று மேலே வெட்டி, ஒன்றின் அடியில் மற்றதைத் தைக்க வேண்டும். அதைவிடக் கடினம் கரோனரி நாளங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள அவற்றைப் பொத்தான் அளவு தமனிச் சுவரோடு கத்தரித்தெடுத்து, புதிய மகாதமனியில் பொருத்த வேண்டும். நூல் தலைமுடி பருமன்தான். நாளம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் இதயத் தசைக்கு ரத்தம் போகாது.

குழந்தை பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இந்த அறுவையைச் செய்துவிடுவது நல்லது. நுரையீரலுக்கு லேசாகத் தள்ளிப் பழகிய இடது கீழறை, நாள் ஆக ஆக வலுவிழந்துவிடும்.

திண்டுக்கல் பக்கத்துக் கொடைரோட்டுக்காரர்களுக்கு இந்தக் கெடு மிக முக்கியம். அறுவைக்குச் சென்னை போவதென்றால் அது 400 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு கண்டுபிடிக்கட்டும் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். பிரசவ வார்டிலேயே வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உடனே எக்கோ என்னும் இதய ஸ்கேன். மாநிறக் குழந்தையின் தோலில் நீலம் எளிதில் தெரியாது, நாக்கைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வலுத்தால், நாளத்தைத் திறந்துவைக்கும் புராஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றி அனுப்ப வேண்டும். அந்த மருந்து மூச்சைத் தடுமாறச் செய்யலாம் என்பதால் ஆம்புலன்ஸில் சுவாசக் கருவியும், அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதய அறுவைகளுக்கு இடம் உண்டு. அட்டை எடுக்காத வீட்டார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் உடனே கேட்கலாம்.

தேர்ந்த மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். வளர்ந்து பள்ளிக்கூடம் போய் ஓடியாடுகிறார்கள். தைத்த இடத்தில் நுரையீரல் தமனி சுருங்கக்கூடும் என்பதால் எக்கோவை மட்டும் விட்டுவிடாமல் எடுத்துவர வேண்டும்.