பூச்சிகொல்லிப் பங்கசும் அதனை உண்ணும் சிற்றுண்ணியும்

பூச்சியினத்தைப் பீடிக்கும் நோயொன்றுக்கு நுண்ணுயிரே காரணம் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பெற்றது 1835 ஆம் ஆண்டிலாகும். பட்டுப்புழுக்களை வெண்பொடி போர்த்த பிணங்களாக்கிய கொள்ளைநோய் ஒரு பங்கசின் செயலென இத்தாலியரான அகத்தீனோ பாசி மெய்ப்பித்தார். பாசுத்தர் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவர். பாசியின் பெயர் தாங்கிய போவேரியா பாசியானா என்னும் அப்பங்கசும், மெச்சினிக்கோவ் 1879 இல் உருசியக் கோதுமை வண்டிற்கு எதிராக ஆராய்ந்த மெற்றாறைசியம் என்னும் பசும்பங்கசும் இன்று பயிர்க்காவலுக்குப் பயன்படுகின்றன.

இவை பூச்சியின் வாய்வழி புகவேண்டுவதில்லை. வித்தி உடலில் ஒட்டி, ஈரலிப்பிருப்பின் முளைத்து, நொதியங்களாற் புறத்தோலைக் கரைத்து உட்புகும். சில நாளிற் பூச்சி மடியும். பின்னர் இழைகள் வெளிவந்து, பிணத்தின்மீது புதிய வித்திகளைக் குவிக்கும்.

இக்குவியலே சிற்றுண்ணிக்கு விருந்தாகின்றது. சிற்றுண்ணிகள் யாவும் இத்தகையன அல்ல. பயிரின் சாற்றை உறிஞ்சும் செஞ்சிற்றுண்ணி இப்பங்கசுகளுக்கே இரையாவதுண்டு. ஈண்டுக் கருதப்படுவன பூஞ்சணம் உண்பவை. அவற்றுள் தைரோபேகசு என்பது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அளவான உடலும் நீண்ட மயிர்களும் உடையது. பூசணம் பிடித்த தானியத்திலும் பாற்கட்டியிலும் காணப்படுவது.

அங்ஙனமாயின் சிற்றுண்ணி பங்கசின் பகையா? உண்ட வித்தி குறைவதால் அவ்வாறு தோன்றும். ஆயின் மண்ணுக்குள் வித்தி தானாக நகரமாட்டாது. காற்றும் அங்கே உதவாது. உண்ணவந்த உயிரின் மயிரில் ஒட்டிய சில வித்திகளே அடுத்த பூச்சியை அடையக்கூடும். வண்டின்மேல் ஏறிப் பயணஞ்செய்யும் சிற்றுண்ணிகள் மெற்றாறைசிய வித்திகளைச் சுமப்பதும் அறியப்பட்டுள்ளது. தின்றது பெரிதா, சுமந்தது பெரிதா என்பது இடத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப வேறுபடும்; ஒரே விடை கூறுவார் அவசரப்படுபவரே.

இவ்வினா நமக்கும் அயலானதன்று. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு, சிற்றுண்ணிகள் மலிந்த எருக்குவியலிலும் உக்கிய தென்னங்குற்றியிலும் வளர்வது. அப்புழுவையும் மெற்றாறைசியம் கொல்லும்.

ஆய்வுகூடத்திலோ ஐயமேயில்லை. சிற்றுண்ணி வளர்ப்புத் தட்டுட் புகின் பங்கசைத் தின்பதோடு, வேற்றுப் பூஞ்சணங்களையும் பற்றீரியங்களையும் காலடிதோறும் விதைத்துச் செல்லும். மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். எனவே தட்டுக்களை நன்கு மூடி, எண்ணெய்த் தட்டத்தின் நடுவே உயர்த்தி வைப்பர். சீனிப் போத்தலை எறும்புக்கஞ்சி நீரில் நிறுத்தும் இல்லத்தாரின் உத்தியே அது.